செவ்வாய்க்கிழமை அமாவாசை

சுபலட்சுமிக்குப் பல்லியை விரட்டக்கூடக் கை வராது. சுவரில் பல்லியைப் பார்த்தால் புருஷனைக் கூப்பிடுவாள். அவர் வருவதற்குள் அது தானாகப் போய்விட்டால் அவளுக்குத்தான் முதலில் நிம்மதி. அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே, பிடிபட்டவனை அடித்துத்தான் கேட்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

டிவியில் நாலு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ வடக்கே குண்டு வெடித்துச் சிலர் செத்துப்போயிருந்தார்கள். சந்தேகத்தில் பிடித்தவர்களை அரசாங்கம் அடித்து உதைத்து விசாரிக்கலாமா, எந்தக் காலத்திலும் கூடாதா என்பதுதான் பேச்சு. வக்கீல் ஒருவர் சட்டம் பேசினார். ரிடையரான அதிகாரி ஒருவர், சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்றார். சுபலட்சுமிக்கு அதிகாரியைப் பிடித்துப்போயிற்று.

"நூறு பேர் உசுரு போவப்போவுது. குண்டு எங்க கீதுன்னு அவனுக்குத்தான் தெரியும். அப்பவும் சோறு போட்டு, சொல்லுப்பா சொல்லுப்பான்னு கெஞ்சிகினு இருக்கணுமா?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் அருணகிரி பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். புட்டா, பார்டர், முந்தி என்று நாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பார்த்துப் பார்த்துப் பேச்சும் அப்படியே சுருங்கிப்போனவர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவன்தான் வச்சான்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

பிடித்திருக்கிறார்களே என்றாள் சுபலட்சுமி. பிடிபட்டவனெல்லாம் செய்தவன் என்றால் கோர்ட்டு எதற்கு என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பி, "வலி தாங்காதவன் வலி நிக்கறதுக்கு இன்னா வேணுமோ அதைச் சொல்வான் சுபா. அது உண்மையா இருந்தா அதிர்ஷ்டம்தான்" என்றார். ஏட்டிக்குப் போட்டி பேசுவதே இவருக்கு வேலை என்று அவள் சீரியலுக்கு மாற்றிவிட்டாள். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. முடிந்ததாகத்தான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, தன் தறிகளில் ஓடப்போகிற கல்யாணச் சேலைகளுக்காக ஆறு மார்க், அதாவது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, அசல் ஜரிகை வாங்கிவந்தாள். வெள்ளி விற்கிற விலையில் ஆறு மார்க் என்பது விளையாட்டில்லை. அந்த மாசத்துக் குடும்பமே அதில்தான் இருந்தது. சாயங்காலம் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை வழக்கம்போலத் தினசரி காலண்டருக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டினாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை அமாவாசை. ஆரணியில் நெசவு வீடுகளில் அமாவாசைக்குத் தறி ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகூட வேலை செய்வார்கள், அமாவாசைக்குச் செய்யமாட்டார்கள். தறிக்கொட்டகையைப் பெருக்கிக் கோலம் போட்டு, கற்பூரம் காட்டிப் பூட்டிவிடுவார்கள். சுபலட்சுமியும் பூட்டினாள்.

புதன்கிழமை காலை, அவள் கொட்டகையில் நெய்கிற எல்லப்பன்தான் முதலில் வந்தான். மேல்மலையனூருக்குப் பெண்டாட்டியோடு போய், அமாவாசை ராத்திரி ஊஞ்சல் சேவை பார்த்துவிட்டு, பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருந்தான். பேப்பரில் மடித்த அங்காளம்மன் குங்குமத்தை இரண்டு கையாலும் நீட்டினான். சுபலட்சுமி வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, மீதியைச் சாமி மாடத்தில் வைத்தாள். பத்து மணிக்குப் பீரோவைத் திறந்தாள். ஜரிகை இல்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். அரிசி மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தாள். அருணகிரி டிசைன் வேலையாகக் காலையிலேயே காஞ்சிபுரம் போயிருந்தார். தம்பி ஜெயக்குமார் அடுத்த தெருவில் பவர்லூம் வைத்திருப்பவன், ஓடிவந்தான். வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: உன் கொட்டகையில் வெளியாள் யார்?

யோசிக்க அவசியமே இருக்கவில்லை. கொட்டகையில் எட்டுத் தறி. நெய்கிற எட்டுப் பேரில் ஏழு பேர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். எட்டாவது ஆள் எல்லப்பன். களம்பூருக்கு அந்தப் பக்கம் காலனி. அப்பன் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். இவன் எங்கோ பயிற்சியில் நெசவு கற்றுக்கொண்டு, பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தான். பார்டர் சேர்க்கிற வேலையில் அவன் கைக்கு ஈடு கிடையாது. அதனால்தான் கல்யாணச் சேலையெல்லாம் அவன் தறிக்கே போகும். ஆனால் களவு என்று வந்துவிட்டால் கைவேலை பேசாது, ஊரும் உறவும்தான் பேசும். ஏழு பேரின் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாளைக்கு முகம் காட்டியாகவேண்டும். எல்லப்பன் வீட்டுக்கு அவள் போனதே இல்லை. இதை இப்படி வெளிப்படையாக அவள் நினைத்துப் பார்க்கவில்லை என்பது உண்மை. நினைக்காமலே செய்தாள், அது இன்னும் மோசம்.

குங்குமத்தைக்கூட ஜெயக்குமார் அவனுக்கு எதிராகவே திருப்பினான். பாவம் செய்தவனுக்குத்தான் கோயில் ஞாபகம் வரும் என்றான். சுபலட்சுமி தலையாட்டினாள்.

ஸ்டேஷன் எது, எந்த எல்லை என்று இங்கே எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தென்னரசு தெற்கத்திப் பிள்ளை, சின்ன வயசு. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், வார்த்தைக்கு வார்த்தை அம்மா என்றார். சினிமாவில் வருகிற மாதிரி மீசை முறுக்குகிற ஆள் இல்லை. புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, சந்தேகப்படுகிறவன் கேட்டால் சொல்வானா, அழுத்தக்காரனா என்று விசாரித்தார்.

"சும்மா கேட்டா எவன் சார் சொல்வான்? நாலு தட்டு தட்டினா சொல்லிடுவான்" என்றாள் சுபலட்சுமி.

பார்த்துக்கொள்கிறோம் அம்மா என்றார் தென்னரசு. நாலு தட்டு என்பது நம் எல்லார் வாயிலும் வந்துபோகிற பேச்சுதான். யாரும் எண்ணிச் சொல்வதில்லை. நாலோடு நிறுத்துவார்களா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களும் இல்லை. அவளும் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மத்தியானம் தறியில் உட்கார்ந்திருந்த எல்லப்பனை இரண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள். போகும்போது அவன் நெய்துகொண்டிருந்த சேலைமேல் தூசி விழாமல் துணியைப் போர்த்திவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மத்தியானம் தென்னரசு போன் செய்தார். ஏழு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை வைத்துக் கேட்டாள். பையன் ஒத்துக்கொண்டுவிட்டான் அம்மா, படிக்கிறேன், சரியா பாருங்க என்று அவர் வாசித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தறியில் நெய்துகொண்டிருந்தபோது, முதலாளியம்மா சாப்பிடப் போன சமயம் பார்த்து, காலண்டருக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து... சாவி இருக்கிற இடம் வரைக்கும் சரியாக இருந்தது. சுபலட்சுமிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று. "சரிங்க சார், எல்லாம் சரியா கீது" என்றாள்.

நெசவுக்காரிக்கு அமாவாசை மறந்துபோகுமா என்று கேட்பீர்கள். மறக்கும். எதைக் கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறோமோ அது காதில் விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் சத்தம்தான்.

அன்றைக்கே எல்லப்பன் பெண்டாட்டி சின்னபொண்ணு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். கையில் சோற்று டப்பா. ஸ்டேஷனில் விடவில்லையாம். ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றாள். எதுவாக இருந்தாலும் அங்கே போய்ச் சொல்லு என்று சுபலட்சுமி உள்ளே இருந்தே சொல்லிவிட்டாள். அவள் நாலு மணி வரைக்கும் நின்றுவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி காஞ்சிபுரத்திலிருந்து அருணகிரி வந்ததும் நடந்ததைக் கேட்டார். அடிக்கச் சொன்னாயா என்று ஒரே கேள்வி. நாலு தட்டு என்றுதான் சொன்னேன் என்றாள் அவள். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தார். பார்க்க முடியாது, விசாரணை நடக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் சொன்ன இடத்தில் பொருள் இல்லை, இடத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறான் என்று மட்டும் ரைட்டர் சலித்துக்கொண்டாராம். முதலில் காஞ்சிபுரத்தில் விற்றேன் என்றான், அப்புறம் ஆற்று மணலில் புதைத்தேன் என்றான், ஆற்றைத் தோண்டி வேலை கெட்டதுதான் மிச்சம் என்றாராம்.

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ரிமாண்டுக்கு அனுப்பவேண்டும், அவன் சொன்னதும் உங்கள் புகாரும் ஒத்துப்போகிறது என்று ஒரு வாக்குமூலம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அருணகிரி ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். வாசலில் இறங்கும்போது, "யாரும் படிச்சுக் காட்டறத கேக்காத. நீயே படி" என்று மட்டும் சொன்னார்.

அவளே படித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டு, வரிவரியாகப் படித்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தறியில் நெய்துகொண்டிருந்தபோது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை தறி ஓடவில்லை. கொட்டகையைப் பூட்டியது அவள் கை. காலண்டரில் அந்தத் தாளைக் கிழித்ததும் அவள் கைதான். பெரிய கறுப்பு வட்டம் போட்டிருந்தது. அன்றைக்கு எல்லப்பன் ஆரணியிலேயே இல்லை. சாமி மாடத்தில் அந்தக் குங்குமம் இன்னும் இருக்கிறது.

"சார், செவ்வாக்கெழம அமாவாசை. அன்னிக்குத் தறியே ஓடல" என்றாள்.

தென்னரசு சங்கடப்படவில்லை. பக்கத்தில் வந்து காகிதத்தைப் பார்த்தார். "அப்படிங்களா அம்மா? இங்க அமாவாசைக்கு லீவுன்னு தெரியாமப் போச்சு. அப்ப திங்கக்கிழமைன்னு போட்டுக்கலாம்."

"அவன் செவ்வாக்கெழமன்னுதானே சொல்லிகீறான்?"

"திங்கக்கிழமைன்னும் சொல்லுவாம்மா" என்றார் அவர். குரலில் ஒரு மிரட்டலும் இல்லை. ரேஷன் கார்டில் பிழை திருத்திக் கொடுக்கிறவர்போல, உதவுகிற குரல்தான்.

சுபலட்சுமி காகிதத்தை மறுபடி பார்த்தாள். திங்கள் என்றால் திங்கள். ஞாயிறு என்று இவள் சொன்னால் ஞாயிறு. ஜெயக்குமாரும் கூட இருந்தான் என்று சொல்லச் சொன்னால் அதையும் எல்லப்பன் சொல்லுவான். இந்தக் காகிதத்தில் எல்லப்பன் பேச்சு ஒன்றுகூட இல்லை. சாவி காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது என்பதுகூடப் புகாரில் அவளே எழுதிக்கொடுத்ததுதான். மூன்று நாளாக அவள் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தது, தான் சொன்னதையே இன்னொருத்தன் உடம்பு வழியாகத் திருப்பிக் கேட்டதைத்தான். டிவிக்கு முன்னால் புருஷன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவனைப் பார்க்கவேண்டும் என்றாள். முடியாது என்று முதலில் சொன்னார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். கடைசியில் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

எல்லப்பன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. முகத்தில் ஒரு கீறல் கிடையாது. எல்லாம் உள்ளங்காலில்தான். தறிக்குழியில் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிற கால். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எடுத்தாயா என்று கேட்க வாய் வரவில்லை. இனிமேல் அவன் எதைச் சொன்னாலும் அது எதற்காகச் சொன்னது என்று யாருக்குத் தெரியும்.

அவனேதான் பேசினான். மெதுவாக, தறிவிஷயம் சொல்கிறதுபோலச் சொன்னான். "அவங்க செவ்வாக்கெழமன்னாங்க. நானும் சரின்னு சொல்லிட்டு, தறியில இருந்தேன்னு நானாதான் சேர்த்து எழுதச் சொன்னேம்மா. நெசவு வூட்ல படிச்சா ஒடனே தெரிஞ்சிடும்ல, அமாவாசைக்கு எவன் நெய்வான்னு. நீங்க பார்த்தா வந்துருவீங்கன்னு இருந்தேன்."

சுபலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வியாழக்கெழமயே உங்களுக்குப் படிச்சுக் காட்டியாச்சு, எல்லாம் சரியா கீதுன்னு அம்மாவே சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றான் அவன். குறை சொல்கிற குரலாக இல்லை. "அதுக்கப்புறம்தான் ஆத்துல பொதைச்சேன்னு சொன்னேன்."

அவள் எழுந்து முன்னால் வந்தாள். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றாள். செவ்வாய்க்கிழமை தறி ஓடவில்லை என்று மாஜிஸ்திரேட் முன்னால் வந்து சொல்லவும் தயார் என்றாள். தென்னரசு அதே மரியாதையோடு, தட்டிக் கேளுங்கள் என்று சொன்னதே நீங்கள்தானே அம்மா என்றார். ஆமாம் சார் என்றாள். கைது இன்னும் காகிதத்தில் ஏறவில்லை. அது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. கூட்டிப்போங்கள், ஆஸ்பத்திரியில் கேட்டால் தறிக்குழியில் விழுந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் நல்லது என்றார். நீங்கள் இதே ஊரில் தொழில் செய்கிறவர்கள் என்றும் ஞாபகப்படுத்தினார்.

அருணகிரி ஆட்டோ பிடித்துவந்தார். சின்னபொண்ணு ஸ்டேஷனுக்கு எதிரில் வேப்பமரத்தடியில்தான் மூன்று நாளாக இருந்திருக்கிறாள். சோற்று டப்பாவோடு வந்து ஏறினாள். சுபலட்சுமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. வழி முழுக்கப் புருஷன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அமலா என்று ஒரு பெண் டாக்டர் இருந்தாள். இந்த மாதிரிக் காயத்துக்கு ஒரு பதிவேடு உண்டு. எப்படி ஆயிற்று, யார் செய்தது, யார் கூட்டிவந்தது என்று அதில் எழுதவேண்டும். எப்படி ஆச்சு என்று கேட்டாள். தறிக்குழியில் விழுந்துவிட்டேன் என்றான் எல்லப்பன். டாக்டர் அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குழியில் விழுந்தால் உள்ளங்காலில் இப்படி வரிசையாகப் படாதே என்றாள்.

சுபலட்சுமிக்குப் பயமாகத்தான் இருந்தது. எட்டுத் தறி, பவர்லூம் வைத்திருக்கிற தம்பி, நாளைக்கு ஜீப் வந்து வாசலில் நின்றால் தெருவே பார்க்கும். ஜரிகை போனது போனதுதான், எடுத்தது யார் என்று கடைசிவரைக்கும் தெரியவும் இல்லை. சும்மா இருந்துவிட்டால் இந்த அறையோடு இது முடிந்துபோகும். சின்னபொண்ணைப் பார்த்தாள். இவர்களுக்குத்தான் முதல் ஆபத்து, இவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

"அவரு பயத்துல சொல்றாரு. நடந்தத எழுதட்டும்" என்றாள் சின்னபொண்ணு. மூன்று நாளில் அவள் சொல்லி ஒருவர் கேட்டது அப்போதுதான்.

"குழியில வுழலம்மா, போலீசு அடிச்சது" என்றாள் சுபலட்சுமி. ஸ்டேஷன் பெயரைச் சொன்னாள், நாளைச் சொன்னாள். டாக்டர் எழுதினாள். "அடிக்கச் சொன்னது நான். சுபலட்சுமி, அருணகிரி சம்சாரம். அதையும் எழுதிக்குங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அடித்தவர் பெயருக்குத்தான் இதில் இடம் இருக்கிறது, சொன்னவர் பெயருக்கு இல்லை என்றாள்.

"கீழ கொஞ்சம் இடம் கீதே" என்றாள் சுபலட்சுமி.

டாக்டர் கீழே எழுதி, கூட்டிவந்தவர் கையெழுத்துக்காகப் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் சுபலட்சுமி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து தானே படித்தாள். தேதியைப் பார்த்தாள், கிழமையைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.